பத்தாம் துண்டுக்கும் பதினொன்றாம் துண்டுக்கும் நடுவே

ஊசியக்கா என்ற பெயரை வைத்தது யார் என்று அந்த அருங்காட்சியகத்தில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெயர் பொருத்தம் என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை. பதினேழு வருடமாக அவள் கையில் ஏதாவது ஓர் ஊசி இருந்துகொண்டே இருந்தது. காற்றழுத்தத்தில் அதிரும் எஃகு ஊசி, பல் வைத்தியர் தூக்கிப் போட்ட வளைந்த ஊசி, கோணி தைக்கும் ஊசியைத் தேய்த்துத் தானே செய்துகொண்ட ஒன்று. கல்லுக்குள் புதைந்து கல்லாகவே மாறிப்போன பழைய உயிர்களை, சுற்றியிருக்கும் கல்லை மட்டும் உதிர்த்து வெளியே எடுப்பது அவள் வேலை. எது வெறும் கல், எது ஒருகாலத்தில் உயிராக இருந்த கல் என்று அவள் விரலுக்குத் தெரியும். மூளைக்கு எட்டுவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும்.

பட்டம் படித்தவள் அல்ல. பத்தாம் வகுப்போடு நின்றவள். நிறுத்திக்கொண்டவள் என்று சொல்வதே சரி. அப்பா இறந்துபோன வருடம், வீட்டில் ஒருத்திதான் படிக்க முடியும் என்று ஆனது. தங்கை கணக்கில் புலி. இவள் தன் புத்தகப் பையைத் தங்கையின் தோளில் மாட்டிவிட்டு அருங்காட்சியகத்துக்குக் கண்ணாடிப் பெட்டி துடைக்கப் போனாள். பன்னிரண்டு வருடம் துடைத்தாள். ஒருநாள் பெட்டிக்குள் இருந்த ஒரு சிப்பியின் வரிகளுக்கிடையே மண் ஒட்டியிருப்பது பொறுக்காமல் கொண்டை ஊசியால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டாள். அதற்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் திட்டிய அதிகாரி அந்தச் சிப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரம் அவளைத் துடைப்புத் துணியோடு அடித்தளத்துக்கு அனுப்பினார்கள். துணி அன்றைக்கே போனது. ஊசி வந்தது.

தங்கையைச் சின்னவள் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவள்தான். அங்கியும் தொப்பியுமாக அவள் நிற்கும் படம் முன்னறையில் மாட்டியிருக்கிறது. அன்று நல்ல காற்று. தொப்பி பறந்துவிடாமல் பின்னாலிருந்து பிடித்திருக்கும் கை ஊசியக்காவுடையது. படத்தில் கை மட்டும்தான் விழுந்திருக்கிறது. "இந்த வீட்டுப் பட்டதாரியோட தலையைத் தாங்கற கை" என்று ஊசியக்காவின் கணவர், பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

சின்னவள் இப்போது அதே அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் அலுவலக எழுத்தர், நிரந்தர ஊழியர். அக்கா இன்னும் ஒப்பந்தம். வருடத்துக்கு ஒருமுறை ஒரு தாள் வரும், கையெழுத்துப் போடுவாள், இன்னொரு வருடம் ஓடும். நாற்பத்தைந்து வயது நிறைந்துவிட்டால் அதற்கப்புறம் நிரந்தரம் கிடையாது என்பது விதி. ஊசியக்காவுக்கு நாற்பத்தைந்து நிறைய இன்னும் ஆறு நாள்தான் இருந்தது; வியாழக்கிழமை நிறைகிறது. நிரந்தர ஆணையைச் சின்னவளே தட்டச்சு செய்து, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் மூன்று முறை சரிபார்த்து, இயக்குநரின் மேசையில் வைத்துவிட்டாள். "கொம்பனை மாட்டி முடிச்ச கையோட கையெழுத்து" என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

கொம்பன் என்றால் யானை அல்ல. அது ஒரு வேட்டைப் பிராணி. நாற்பத்தைந்து கோடி வருடத்துக்கு முந்தைய கடலில், கணவாய் மீனுக்கு உறவுக்காரனாக, மாட்டுக்கொம்பை நிமிர்த்தி நீட்டினாற்போன்ற நேரான ஓட்டுக்குள் இருந்த உயிர். ஓட்டின் அகன்ற வாயில் உடல். வாய்க்கு வெளியே நீளும் கைகள். உடல் வளர வளர அது முன்னால் நகரும். காலி செய்த இடத்தைப் பின்னால் ஒரு சுவர் எழுப்பி அடைத்துவிடும். இப்படி அறைக்குப் பின் அறையாக, கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியதுபோல், கூர்நுனி வரைக்கும் சுவர்கள். எல்லாச் சுவர்களையும் துளைத்துக்கொண்டு ஒரு குழாய். டைனோசர்களுக்கே பாட்டன் முப்பாட்டன் முறை. அதன் காலத்துக் கடலில் அதைத் தின்ன யாருமில்லை. அது எல்லோரையும் தின்றது. இந்த இனத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. கல்லில் மட்டும் இருக்கின்றன, அதுவும் ஒடிந்து.

ஒடிந்துதான் வரும், மூங்கிலை வெட்டிப் போட்டதுபோல். கொம்பனும் இரண்டு வருடத்துக்கு முன் மரப்பெட்டிகளில் துண்டு துண்டாகத்தான் வந்தான். அவனோடு பக்கத்திலேயே கிடந்த இன்னொன்றும் வந்தது. நீரோட்டம் இரண்டு ஓடுகளையும் ஒரே திசையில் உருட்டிக் கிடத்தியிருந்தது, பாயில் இரண்டு பேர் படுத்ததுபோல.

அங்கேதான் ஊசியக்காவின் தப்பு இருக்கிறது.

அடித்தளத்துச் சுவரில் இரண்டு விதிகள் எழுதியிருக்கும். எழுதியவள் அவளேதான், பட்டையான கறுப்பு எழுத்தில். ஒன்று: எண்ணை அழியாத மையில் எழுதாமல் எந்தக் கல்லையும் தண்ணீரில் போடக்கூடாது. இரண்டு: உதிர்ந்துபோன இடத்தைப் பசையால் நிரப்பினால், நிரப்பியது கல்லைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருக்கவேண்டும், பதிவேட்டில் எழுதவும் வேண்டும். பார்க்கிறவனுக்கு எது இயற்கை, எது நம் கைவேலை என்று தெரியவேண்டும் அல்லவா.

தோண்டப் போனவர்கள் துண்டுகளில் வெள்ளைப் பெயின்டால் எண் போட்டு அனுப்புவது வழக்கம். அந்த முறை கடைசிப் பெட்டிக்கு வரும்போது பெயின்ட் டப்பா காய்ந்துவிட்டது. சாக்பீஸால் எழுதி அனுப்பிவிட்டார்கள். இயக்குநர் மாடிப்படியில் நின்று, "ஊசியம்மா, எப்போ பார்க்கலாம்?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசியக்கா மற்றப் பெட்டிகளைப் போலவே இதையும் தொட்டியில் இறக்கினாள். அரைமணி கழித்து வந்து பார்த்தபோது தொட்டித் தண்ணீரில் பால் கலந்தாற்போல ஒரு வெண்மை. குனிந்தபடியே நின்றுவிட்டாள். நான்கு துண்டுகள். நான்கிலும் ஒரு எழுத்தில்லை. இரண்டு நீளம், இரண்டு குட்டை. ஒரு ஜோடி கொம்பனின் வாய்ப்பகுதி, இன்னொரு ஜோடி பக்கத்தில் கிடந்ததன் வாய்ப்பகுதி. எது யாருடையது என்று சொன்ன சாக்பீஸ் தொட்டித் துளை வழியே போய்விட்டது.

அப்போதே படியேறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீள ஜோடியைக் கொம்பனின் பத்தாம் துண்டோடு வைத்துப் பார்த்தாள். அகலம் ஒத்தது. மூன்று பக்கம் பொருந்தியது. அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு விரல் இடைவெளி. ஏதோ ஒரு சில்லு தோண்டிய இடத்திலேயே உதிர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடியும் சொல்லிக்கொண்டாள். கல்தூளைப் பசையில் குழைத்து அந்த இடைவெளியை அடைத்தாள். ஒரு சாயல் வெளுப்பாக அல்ல. அச்சு அசல் கல் நிறத்தில். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு பூச்சு பூசியதில்லை. பதிவேட்டில் அந்தக் கட்டத்துக்கு நேரே 'நிரப்பல் இல்லை' என்று எழுதினாள். குட்டை ஜோடியை, ஒடிந்த முகத்தில் அப்பியிருந்த மண்ணைக்கூட எடுக்காமல், கீழ்த்தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

கொம்பனின் நீளம் மூன்று மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் என்று ஆனது. இந்த நாட்டில் எந்த அருங்காட்சியகத்திலும் அவ்வளவு நீளமான ஒன்று இல்லை. இயக்குநர் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்.

இனி நடந்தது மாட்டும் நாளன்று.

குழந்தைகள் கூடத்தின் சுவரில், பிள்ளைகள் உட்காரும் நீள இருக்கைக்கு நேர் மேலே, நான்கு இரும்புத் தாங்கிகள் பொருத்தியிருந்தார்கள். மூன்று மணிக்குத் தூக்குவது, நான்கு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவது என்று ஏற்பாடு. காலையில் இயக்குநர் அடித்தளத்துக்கு வந்தார். "பிள்ளைங்க தொட்டுப் பார்க்க ஒரு துண்டு வேணும். உதவாத துண்டு ஏதாவது இருக்கா?" என்றார். ஊசியக்கா கீழ்த்தட்டைப் பார்த்தாள். "இருக்கு சார்" என்றாள்.

மதியம் ஒன்றே முக்காலுக்கு, குட்டை ஜோடியில் ஒன்றை மணல் பையின் மேல் வைத்து, ஒடிந்த முகத்தில் அப்பியிருந்த மண்ணை உதிர்க்க ஆரம்பித்தாள். மனசு வேலையில் இல்லை. வியாழக்கிழமையைப் பற்றியும் அந்த ஆணையைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருந்தாள். ஊசிமுனை எதிலோ இடறியது. விரல் நின்றது.

ஒடிந்த விளிம்பில் ஒரு சின்ன அரைவட்டம் எழும்பி வந்தது. சட்டைப் பொத்தானில் பாதி. கடல் அல்லி என்று ஒன்று உண்டு. பூ மாதிரி இருக்கும், ஆனால் பிராணி. வேர்போல ஒரு வட்டத்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும். கொம்பனின் ஓட்டின்மேல் ஒன்று வளர்ந்திருக்கிறது. ஓடு ஒடிந்தபோது அந்த வட்டமும் இரண்டாகப் போயிருக்கிறது.

இன்னொரு பாதி எங்கே என்று ஊசியக்கா தேடவேண்டியதில்லை. பத்தாம் துண்டின் விளிம்பில், அடிப்பக்கத்தில். அவள் கையாலேயே சுத்தம் செய்து, அவள் கையாலேயே பசைக்கு அடியில் புதைத்த அரைப் பொத்தான்.

 அப்படியென்றால் இந்தக் குட்டை ஜோடிதான் கொம்பனுடையது. மேலே படுத்திருப்பது பாதி ஒருத்தன், பாதி இன்னொருத்தன். அதுகூடப் பெரிதில்லை. எடையில் பாதி அந்த முன்பகுதியில் இருக்கிறது. மொத்தம் இருநூற்று முப்பது கிலோ. கல்லும் கல்லும் கவ்விக்கொண்டிருக்கின்றன என்று அவள் சொன்னதை நம்பித்தான் நான்கு தாங்கி போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்றாம் தாங்கிக்கும் நான்காம் தாங்கிக்கும் நடுவே அந்தரத்தில் வரப்போவது இந்தப் பசை வைத்த இடம். அதற்குக் கீழே நீள இருக்கை.

துண்டை மேலங்கியின் பெரிய பையில் போட்டுக்கொண்டாள். பதினாறு கிலோ, தோள்பட்டை அறுந்துவிடும்போல இழுத்தது. இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள்.

சின்னவள் அறிவிப்புப் பலகைக்கு எழுத்து கோத்துக்கொண்டிருந்தாள். 'நீளம்: 3 மீ. 62 செ.மீ.' என்று பெரிதாக.

"என்னக்கா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றே? வலிக்குதா?"

ஊசியக்கா கதவைச் சாத்தினாள். நின்றுகொண்டே சொன்னாள். சாக்பீஸ், தொட்டி, பசை, பொத்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.  அவள் முடித்ததும் சின்னவள் எழுந்து போய்க் கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

"யாருக்குத் தெரியும்?"

"உனக்கு."

"அப்போ யாருக்கும் தெரியாது."

"சின்னவளே, பிள்ளைங்க உட்கார்ற இடம்."

"அடியில இன்னொரு தாங்கி வைக்கச் சொல்லு. 'பாதுகாப்புக்கு ஒண்ணு கூட இருக்கட்டும் அண்ணே'ன்னா பாரம் தூக்கற செயின்காரர் ஏன்னு கேட்கமாட்டாரு. அவ்வளவுதான் விஷயம். ஆறு நாள்கா. ஆறே ஆறு நாள். அதுக்கப்புறம் நீயே கண்டுபிடிச்ச மாதிரி கண்டுபிடி, யாரு வேணாங்கறா?"

"ரெண்டு வேற வேற உசுருடி அது."

"செத்து எத்தனை கோடி வருஷமாச்சு. ரெண்டும் சண்டைக்கா வரப்போகுது?" சின்னவளின் குரல் திடீரென்று இறங்கியது. "நான் படிக்கணும்னு நீ பையைக் கழட்டிக் குடுத்தே. அதைத் திருப்பித் தர எனக்கு இருந்த ஒரே வழி அந்த ஆர்டர்தான். அதையும் வேண்டாம்னு தூக்கி எறியப் போறியா?"

  கீழேயிருந்து சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. கடகடவென்று, பல்சக்கரத்தில் சங்கிலி ஏறும் சத்தம். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால்.

"மூணு மணிக்குன்னுதானே சொன்னாங்க?"

"டைரக்டர் சீக்கிரம் தூக்கச் சொல்லிட்டாரு போல. போட்டோ எடுக்கறவங்க வந்துட்டாங்க" என்றாள் சின்னவள். "அக்கா, வாயைத் திறக்காதே. தாங்கி மட்டும் கேளு."

ஊசியக்கா படிகளில் ஓடவில்லை. பதினாறு கிலோவை வைத்துக்கொண்டு ஓட முடியாது. ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் சங்கிலி நான்கு பல் ஏறியது.

கூடத்தில் கொம்பன் அந்தரத்தில் இருந்தான். பின்பக்கம் ஒரு தூக்குப் பட்டை, முன்பக்கம் ஒரு பட்டை. நடுப்பகுதிக்குக் கீழே ஒன்றுமில்லை. செயின்காரர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார். நாற்பது வருடம் பாரம் தூக்கிய மனிதர்; பாரத்தோடு பேசும் பழக்கம் உண்டு. "வாடா ராஜா, மெதுவா, அசையாம வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இயக்குநர் கொஞ்சம் தள்ளிப் புகைப்படக்காரர்களோடு நின்றார்.

கொம்பன் மார்பளவு உயரம் வந்தபோது, கீழே மெழுகு போட்ட தரையில் ஒரு சிட்டிகைத் தூள் விழுந்தது. மாவு சலித்ததுபோல. யார் கண்ணுக்கும் அது வெறும் தூசி. ஊசியக்காவுக்கு அது அவள் குழைத்த தூள். அவள் தேர்ந்தெடுத்த நிறம்.

"அண்ணே, நிறுத்துங்க" என்றாள்.

குரல் உயரவில்லை. ஆனால் செயின்காரரின் கை அடுத்த பல்லுக்கு நகரவில்லை. ஏன் என்றும் அவர் கேட்கவில்லை. இந்த அம்மா சும்மா நிறுத்தச் சொல்கிறவள் இல்லை என்பது பதினேழு வருடப் பழக்கம்.

இயக்குநர் திரும்பினார். "ஏன் நிக்குது?"

"ஊசியைக் கேளுங்க சார். என்னைக் கேட்டா என்ன தெரியும், நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

இரண்டாவது சிட்டிகை விழுந்தது. செயின்காரர் அதைப் பார்த்தார். தலையைச் சாய்த்து, இரண்டு பட்டைக்கும் நடுவே ஓட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது.

"சார், முதல்ல இறக்கிடறேன். பேச்சுவார்த்தையெல்லாம் அப்புறம் வெச்சுக்கங்க. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா."

ஏற்றியதைவிட இறக்கியதற்கு மூன்று மடங்கு நேரம் ஆயிற்று.  ஒவ்வொரு பல்லாகச் சங்கிலி பின்னால் போனது. இன்னொரு முறை தூள் விழுந்தது. அந்த முறை அரிசி அளவு ஒரு கட்டியும் சேர்ந்து விழுந்தது. மணல் பைகளின்மேல் கொம்பன் படுத்த பிறகுதான் செயின்காரர் சங்கிலியை விட்டார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஜாயின்ட் கவ்வல சார். ஆனா ஒண்ணும் குடி முழுகிடல. நேர் கீழ இன்னொரு தாங்கி வெச்சுடலாம், அரைமணி வேலை. பட்டையும் இதுக்கடியில ஒண்ணு கூடப் போட்டுத் தூக்கறேன். நிக்கும்."

இயக்குநரின் முகம் தெளிந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "அரைமணின்னா சரி. ஊசியம்மா, நீங்க சொல்லுங்க. கூட ஒரு தாங்கி வெச்சா நிக்கும்ல?"

நிற்கும். அதில் சந்தேகமில்லை. ஆம் என்று தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். யார் தலையிலும் எதுவும் விழாது. வியாழக்கிழமைக்கு முன்னால் கையெழுத்து விழும். மாடிப்படியின் திருப்பத்தில் சின்னவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஊசியக்கா பார்த்தாள். அவள் உதடு அசையவில்லை. கண் மட்டும் 'ஆமாம்னு சொல்லு' என்றது.

ஊசியக்கா மேலங்கிப் பையிலிருந்து துண்டை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள். முழங்காலிட்டாள். கோணி ஊசியை எடுத்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று புரிவதற்குள், கொம்பனின் அடிப்பக்கத்தில் முனையை வைத்துத் தட்டினாள். டக், டக் என்று கல் பேசியது. இரண்டு விரல் தள்ளித் தட்டினாள். அங்கே சத்தமே இல்லை. ஊசி உள்ளே போனது.

"நிக்கும் சார்" என்றாள். "ஆனா இது ஒரே பிராணி இல்ல. இதுவரைக்கும் ஒண்ணு. இதுக்கப்புறம் வேற ஒண்ணு."

பசையைச் சுரண்டினாள். அது பொலபொலவென்று வந்தது. அடியிலிருந்து பத்தாம் துண்டின் விளிம்பும், விளிம்பில் அந்த அரைவட்டமும் தெரிந்தன. தரையிலிருந்த துண்டைத் திருப்பி, அதிலிருந்த அரைவட்டத்தை விரலால் காட்டினாள்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் பார்த்தார். அவர் இதை முறையாகப் படித்தவர். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பதிவேட்டுல நிரப்பல் இல்லைன்னு இருக்கே."

"பொய் எழுதியிருக்கேன் சார்."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நிச்சயமா இன்னிக்குத்தான். சந்தேகம் ரெண்டு வருஷமா." அவள் எழுந்திருக்கவில்லை. "சாக்பீஸ் நம்பரைத் தண்ணியில போட்டுட்டேன். அழிஞ்சுபோச்சு. அதைச் சொல்லப் பயந்து இது. இதைச் சொல்லப் பயந்து அப்புறம் எல்லாம்."

இயக்குநர் நிமிர்ந்தார். புகைப்படக்காரர்களிடம் போய் ஏதோ சொன்னார். அவர்கள் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். திரும்பி வந்தவரின் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "மூணு அறுபத்திரண்டுன்னு மேலே எழுதி அனுப்பியிருக்கேன் ஊசியம்மா. என் கையெழுத்துல" என்றார். பிறகு, "பிரிங்க. இப்பவே" என்றார்.

மெல்லிய கம்பி ரம்பத்தால் அவளும், அசையாமல் பிடிக்கச் செயின்காரரும். இரண்டு வருடத்துப் பசை முக்கால் மணியில் அறுந்தது. முடிக்கும்போது நான்கு மணியாகிவிட்டது. பிள்ளைகள் வரிசையாக வந்து மணல் பைகளைச் சுற்றி நின்றார்கள். அவர்களிடம் பொய் சொல்ல அப்போது அங்கே யாருக்கும் தெம்பில்லை. ஆகவே நடந்துகொண்டிருந்ததை அப்படியே பார்த்தார்கள். ஊசியக்கா குட்டைத் துண்டை அணைத்துத் தூக்கி, பத்தாம் துண்டின் முகத்தோடு முகம் வைத்து, மயிரிழை திருப்பினாள். சொடக்கென்று ஒரு சத்தம். நாலாபுறமும் கல் கல்லைக் கவ்வியது. விளிம்பில் ஒரு முழுப் பொத்தான் இருந்தது.

"இது எப்படி ஒட்டுச்சு?" என்று முன்வரிசையில் ஒரு சிறுமி கேட்டாள்.

"ஒட்டல பாப்பா. அது அதோட இடம்" என்றார் செயின்காரர். தண்ணீர் குடிக்கப் போவதுபோல ஊசியக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் இரண்டு முறை குலுங்கியதைச் செயின்காரர் பார்க்காததுபோல் சங்கிலியைச் சுருட்டினார்.

ஆணையில் கையெழுத்து விழவில்லை. மறுநாளே அவளிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அவள் நான்கு பக்கம் எழுதினாள், தொட்டித் தண்ணீரின் நிறம் உட்பட. இயக்குநர் தலைமை அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் அனுப்பினார்: நீளம் தவறு, திருத்திக்கொள்ளவும். வியாழக்கிழமை வந்தது, போனது. அன்று காலை கணவர், "நாற்பத்தஞ்சு ஆயிடுச்சு. டயர்னா இந்நேரம் மாத்திருப்போம்" என்றார். அவள் சிரித்தாள், பிறகு சிரித்ததற்கே அழுதாள்.

சின்னவள் எட்டு நாள் பேசவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டாள், வேற்றாளுக்கு விடுவதுபோல. ஒன்பதாம் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவும் ஒரு தாளுமாக அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள். டப்பாவை வைத்தாள். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"போர்டுக்கு நீளம் என்ன போடணும்?"

"மூணு முப்பத்தாறு."

"நிரப்பல் எத்தனை இடம்?"

"நாலு. நாலும் வெளுப்பா இருக்கும், பார்த்தாலே தெரியும்."

எழுதிக்கொண்டாள். "இருபத்தாறு சென்டிமீட்டர்" என்றாள். "ஒரு முழங்கூட இல்லக்கா. அதுக்குப் போய்..." மேலே பேசாமல் டப்பாவைத் திறந்து அக்கா பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள்.

இப்போது அந்தச் சுவரில் இரண்டு ஓடுகள் இருக்கின்றன. கொம்பனுக்குக் கீழே, தன் வாய்ப்பகுதி திரும்பக் கிடைத்த இன்னொன்று. செயின்காரர் இரண்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு தாங்கி அடித்திருக்கிறார். கேட்டால், "இந்தக் கட்டடத்துல யாரு சொல்றதையும் நம்பறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்" என்கிறார், ஊசியக்காவின் காதில் விழும்படி.

அந்த வருடமும் ஒப்பந்தத் தாள் வரும் மாதம் வந்தது. இயக்குநர் அதுவரை அவளோடு வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தாள் வருமா வராதா என்று ஊசியக்கா மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஒரு காலையில் அடித்தளத்துக்கு ஒரு மரப்பெட்டி இறங்கியது. பெட்டியின் மேல் ஒப்பந்தத் தாள், வழக்கம்போல ஒரு வருடத்துக்கு. அதோடு ஊக்கு குத்திய ஒரு துண்டுச் சீட்டில் இயக்குநரின் கையெழுத்தில் ஒரே வரி: 'புதிய பெட்டி. நீங்கள் பாருங்கள்.'

அவள் தாளில் கையெழுத்துப் போட்டாள். பெட்டியைத் திறந்தாள். பதினொரு துண்டுகள், பதினொன்றிலும் வெள்ளை எண்கள். அழியாத மைப்பேனாவை எடுத்து, ஒவ்வொரு வெள்ளை எண்ணுக்கும் பக்கத்தில் அதே எண்ணைத் திரும்ப எழுதினாள். உலரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு விரலை நாக்கில் தொட்டு, முதல் எண்ணின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டாவதைத் தேய்த்தாள். பதினொன்றையும் தேய்த்துப் பார்த்த பிறகுதான் தொட்டிக் குழாயைத் திறந்தாள்.